சூட்டு ஓவியத்துக்குச் சாயமும் மேல்பூச்சும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வெளிர் நிறப் பலகையில் ஒரு பறவையைச் சூட்டுப் பேனாவால் (சூடான முனையால் மரத்தைக் கருக்கி வரையும் கருவி) வரையப் போகிறேன். பின்னணி மட்டும் பழுப்பாக இருக்க வேண்டும். முதலில் ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) அடித்துவிட்டு அதன் மேல் சுடலாமா, சுட்ட பிறகு அடிக்க வேண்டுமா? அடர் வால்நட் நிற ஸ்டெயின் கைவசம் இருக்கிறது.

முதலில் சுடுங்கள், ஸ்டெயின் பிறகுதான். பேனா முனையின் சூடு சில நூறு டிகிரி செல்சியஸ். ஸ்டெயினில் இருக்கும் பிசின் அந்தச் சூட்டில் கருகி, மூச்சுக்குக் கேடான புகையாக நேரே உங்கள் முகத்துக்கு வரும். முனையிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்வதால் கோடு ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் வெளிறியும் விழும். வார்னிஷ் அடித்த மரம், பெயின்ட் பட்ட மரம், பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம், எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை இவற்றில் பேனாவை வைக்கவே வேண்டாம்.

அடுத்து, அந்த அடர் வால்நட். சூட்டு ஓவியத்தில் நிழல் என்பது மரம் லேசாக வறுபட்ட பழுப்பு. ஸ்டெயினும் அதே பழுப்பு. இரண்டும் கலந்தால் கறுத்த கோடுகள் மட்டும் மிஞ்சும்; இறகின் மென்நிழல் மூழ்கிவிடும். ஆகவே நீங்கள் வேண்டும் என்று நினைக்கும் நிறத்தைவிட இரண்டு படி வெளிறியதாக வாங்குங்கள்.

ஸ்டெயின் இரு வகை. ஒன்று நிறமித் தூள் கலந்தது. அசையாமல் வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் அடியில் சேறுபோல் படிந்திருக்கும். அந்தத் தூள் மரத் துளைகளில் மட்டுமல்லாமல் சுட்ட கோட்டின் பள்ளத்திலும் போய் உட்கார்ந்து, கூர்மையான கோட்டைக் கலங்கலாக்கும். மற்றது சாயம் முழுதும் கரைந்தது. இது கண்ணாடித் தாள் போலத் தெளிவாக நிற்கும், அடியில் உள்ள கோடு அப்படியே தெரியும். சூட்டு ஓவியத்துக்கு எங்கள் தேர்வு கரைந்த சாயம்தான். இதன் குறை, வெயிலில் நிறமியைவிடச் சீக்கிரம் வெளுக்கும்.

பறவைக்குள் சாயம் ஏறாமல் தடுக்க, அதன் வெளிக்கோட்டைச் சற்று ஆழமாகச் சுடுங்கள். அந்தப் பள்ளம் வயல் வரப்பு போலச் சாயத்தை ஓரளவு நிறுத்தும். ஓரளவுதான், மர ரேகை நேராக உருவத்துக்குள் ஓடும் இடங்களில் சாயம் நாரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும். அங்கெல்லாம் உருவத்தின் உட்பக்க ஓரத்தில் சிறு பிரஷ்ஷால் மெல்லிய ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) இரண்டு கை, அதாவது இரண்டு முறை, பூசிக் காயவிடுங்கள். பிறகு பிரஷ்ஷை ஏறக்குறைய உலர்வாகப் பிழிந்து, கோட்டுக்கு 3 மி.மீ. தள்ளியே சாயத்தை வைத்து, மீதத்தைக் கோடு வரை இழுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு மாதிரித் துண்டு. அதே பலகையில் வெட்டிய மிச்சத்தில், மிக வெளிறியதில் தொடங்கி முழுக் கறுப்பு வரை ஐந்து கட்டங்கள் சுடுங்கள். பாதிக்குச் சாயம் ஏற்றி, காய்ந்ததும் நீங்கள் அடிக்கப்போகும் அதே மேல்பூச்சை முழுவதும் அடியுங்கள். மேல்பூச்சு மரத்தை நனைத்தது போல் ஆக்கி இன்னும் ஒரு படி கறுக்க வைக்கும் என்பதால், சாயம் காய்ந்த நிலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓவியத்தின் மேல் அடர்ந்துவிட்ட ஸ்டெயினை எடுக்க வழி அநேகமாக இல்லை: தேய்த்தால் ஓவியமும் போகும், மறுபடி சுடலாம் என்றால் ஸ்டெயின் ஏறிய மரத்தைச் சுடக் கூடாது.

கேள்வி: பைன் பலகையில் எண்ணெய் ஸ்டெயின் அடித்தேன். திட்டுத் திட்டாக, அழுக்குத் துணிபோல் ஆகிவிட்டது. எங்கே தவறு?

தவறு மரத்தின் இயல்பில் இருக்கிறது. பைனில் வேகமாக வளர்ந்த மென்பகுதியும் மெதுவாக வளர்ந்த கடினப்பகுதியும் அடுத்தடுத்து வருகின்றன. மென்பகுதி கடகடவென்று குடிக்கும், கடினப்பகுதி குடிக்காது. பிர்ச், மேப்பிள் மரங்களிலும் ரேகை சுழிக்கும் இடங்களில் இதே தொல்லை வரும்.

மரத்தின் தாகத்தை முன்கூட்டியே பாதி தணித்துவிடுவதுதான் மருந்து. மெழுகு நீக்கிய ஷெல்லாக் செதில் 30 கிராமை 250 மி.லி. ஸ்பிரிட்டில் போட்டு, மூடி, ஓரிரவு கரையவிடுங்கள். இடையில் சில தடவை கலக்கிவிட்டால் அடியில் கட்டியாகாது. சுட்டு முடித்த பலகையில் துணியால் ஒரே ஒரு கை, வேகமாகப் பூசுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் பூசியது மறுபடி கரைந்து கோடுபோடும். ஒரு மணி நேரம் காய்ந்த பின் தேய்ந்த 320 எண் உப்புத்தாளால் வெறும் விரல் பாரத்தில் ஒருமுறை தடவி, தூசியைத் துடைத்துவிட்டு ஸ்டெயின் அடிக்கலாம். நிறம் முன்னைவிட வெளிறித்தான் ஏறும்; சூட்டு ஓவியத்துக்கு அது நல்லதே. பைன் முடிச்சுகளில் கசியும் பிசினையும் இந்த ஷெல்லாக் அடக்கும்.

ஸ்டெயினை வைத்ததும் 2 முதல் 5 நிமிடத்துக்குள் ரேகையின் போக்கிலேயே மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டது ஊறாது. மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். பலகையின் வெட்டு முனைகள் மற்ற இடத்தைவிட அதிகமாகக் குடிக்கும் என்பதால் அங்கே மட்டும் ஷெல்லாக் இரண்டு கை.

கரைத்த ஷெல்லாக்கை ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பழையது பூசினால் காயவே காயாது. டப்பாவில் கரைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: உப்புத்தாள் எந்த எண் வரை போகலாம்?

120, 180, 220 என்று ஏறுங்கள். ஸ்டெயின் இல்லாமல் வெறும் மேல்பூச்சு என்றால் 320 வரை போகலாம், பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். ஸ்டெயின் உண்டு என்றால் 220 போதும். அதற்கு மேல் மெருகேறிய மரம் நிறத்தை வாங்காது. நீர் சார்ந்த ஸ்டெயினோ மேல்பூச்சோ பயன்படுத்துவதாக இருந்தால், சுடுவதற்கு முன்பே ஈரத் துணியால் பலகையைத் துடைத்து, காயவிட்டு, எழுந்து நிற்கும் நாரை 220 தாளால் தடவிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் நார் ஓவியத்தின் மேல் எழும். அப்போது தாளைத் தொட முடியாது.

கேள்வி: பூனையின் மீசை, புருவம் எல்லாம் அழகாகச் சுட்டிருந்தேன். வார்னிஷ் பிரஷ் பட்டதும் கறுப்பு பரவி முகமே மங்கிவிட்டது. வார்னிஷ் மோசமா?

வார்னிஷ் மீது பழி வேண்டாம். ஆழமாகச் சுட்ட இடத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் கரித்தூளைப் பிரஷ் வாரிக்கொண்டு போயிருக்கிறது. கோட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பள்ளத்தின் இரு கரையிலும் பொடிப்பொடியாகக் கரி நிற்கும். சுண்டுவிரலால் லேசாக இழுத்தால் சாம்பல் நிற வால் ஒன்று நீளும். பிரஷ் போன திசையில் உங்களுக்கு நேர்ந்தது அதுவே.

மேல்பூச்சுக்கு முன் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே கரியைத் தட்டி வெளியேற்றுங்கள். வாயால் ஊத வேண்டாம். எச்சில் துளி பட்டால் கறை நிற்கும், தூளும் கண்ணுக்கு வரும். பிறகு வெள்ளை ரப்பரால் வெற்றிடங்களைத் துடைத்து, பென்சில் கோடுகளையும் அப்போதே அழித்துவிடுங்கள். மேல்பூச்சுக்கு அடியில் மாட்டிய பென்சில் கோடு நிரந்தரம். கடைசியாக, முதல் இரண்டு கையை மட்டும் ஸ்பிரேயாக அடியுங்கள். 25 முதல் 30 செ.மீ. தூரத்தில், பனி படிவது போல மிக மெல்லிதாக. அது காய்ந்து கரியைப் பூட்டிய பிறகு எந்தப் பிரஷ்ஷும் பயமில்லை.

ஏற்கெனவே பரவிய பலகையில், பூச்சு நன்றாகக் காயும்வரை பொறுங்கள். 320 தாளைச் சிறு துண்டாக மடித்து, அதன் விளிம்பால் வெற்றிடத்தில் மட்டும் சுரண்டினால் மேலோட்டமான கறை போகும். மீசைக்கு இடையிலான இடத்துக்குக் கூரிய பிளேடின் முனைதான் சரி, குத்தாமல் படுக்கவைத்துச் சுரண்ட வேண்டும்.

கேள்வி: மேல்பூச்சுக்கு நீர் சார்ந்த பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் போல இறுகும் வார்னிஷ்) நல்லதா, எண்ணெய் சார்ந்ததா?

மரத்தின் வெளிர் நிறம் அப்படியே நிற்க வேண்டுமானால் நீர் சார்ந்தது. டப்பாவில் பால் போலத் தெரிந்தாலும் காய்ந்தால் தெளிந்துவிடும். எண்ணெய் சார்ந்தது தேன் நிறம் ஏற்றும், ஆண்டுகள் போகப்போக இன்னும் மஞ்சளாகும்; ஆனால் மெதுவாகக் காய்வதால் பிரஷ் தடம் தானாகச் சமன்படும். எதுவானாலும் மெல்லிதாக மூன்று கை. டப்பாவைக் குலுக்காதீர்கள், குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கியதில் சேர்ந்த காற்றுதான் பலகையில் குமிழாக நிற்கிறது. எண்ணெய் ஸ்டெயின் மேல் நீர் சார்ந்த பூச்சு அடிப்பதற்கு 24 மணி நேரம் குறைந்தபட்சம். ஈரப்பதமான நாட்களில் மூன்று நாள் விடுங்கள். அவசரப்பட்டால் பூச்சு தோலாக உரியும். நீர் சார்ந்த பூச்சுகளுக்கு இடையே இரும்புக் கம்பி நாரால் தேய்க்க வேண்டாம். உடைந்த இழை உள்ளே தங்கித் துருப்பிடிக்கும்.

தேக்கில் சுட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மரத்தின் சொந்த எண்ணெய் வார்னிஷ்ஷைக் காயவிடாது. சுத்தத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் கையை அடித்துவிட வேண்டும். அருகில் சூட்டுப் பேனாவோ நெருப்போ இருக்கக் கூடாது.

கேள்வி: சுட்ட ஓவியத்துக்கு வாட்டர்கலர் தீட்டினேன். மேல்பூச்சு எது?

நீர் சார்ந்ததைப் பிரஷ்ஷால் அடித்தால் வண்ணம் கரைந்து ஓடும். எண்ணெய் சார்ந்த ஸ்பிரே மெல்லிதாக அடியுங்கள். மார்க்கர் பேனா நிறங்கள் பல ஸ்பிரிட்டில் கரைபவை. அவற்றின் மேல் ஷெல்லாக் ஆகாது.

கேள்வி: மரக் கரண்டியிலும் காய் நறுக்கும் பலகையிலும் பூ வேலை சுட்டுப் பரிசளிக்க ஆசை. எந்த மேல்பூச்சு பாதுகாப்பு?

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கரண்டியில் கைப்பிடி, பலகையில் ஓரமும் பின்பக்கமும். கத்தி படும் இடத்தில் எந்த ஓவியமும் நிலைக்காது. வார்னிஷ் படலமும் சில்லுசில்லாகப் பெயர்ந்து உணவில் சேரும். ஸ்டெயினும் இங்கே வேண்டாம்.

உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நிறமற்ற எண்ணெய்) எளிது. தாராளமாக ஊற்றித் தடவி, ஓரிரவு ஊறவிட்டு, காலையில் துடையுங்கள். மூன்று தடவை இப்படி. இது காய்ந்து இறுகும் எண்ணெய் அல்ல என்பதால், மரம் வறண்டு வெளிறத் தொடங்கும் போதெல்லாம் மறுபடி பூச வேண்டும். எடையில் நான்கு பங்கு மினரல் ஆயிலுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு கிண்ணத்தில் வைத்து உருக்கினால் நல்ல களிம்பு கிடைக்கும்; எண்ணெய்க்குப் பிறகு கடைசிக் கையாக அதைத் தேய்க்கலாம். சுத்தமான டங் எண்ணெய் (டங் மரக் கொட்டையில் எடுப்பது) இறுகிப் பலமாக நிற்கும், ஆனால் முழுதும் காய மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை சமையலறைக்குக் கொடுக்காதீர்கள். வால்நட் எண்ணெயும் காயும். வாங்குபவருக்குக் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய் போன்ற காயாத சமையல் எண்ணெய்கள் மரத்துக்குள்ளேயே சிக்குப்பிடித்து நாறும்.

கேள்வி: ஆளிவிதை எண்ணெய் பூசி நான்கு நாள் ஆகிறது. தொட்டால் ஒட்டுகிறது.

தடிமனாகப் பூசியிருப்பீர்கள், இல்லையேல் பச்சை எண்ணெயாக இருக்கும். பச்சை ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். ‘கொதித்த’ எண்ணெய் என்று விற்பதில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் ஓரிரு நாளில் காயும். அதனாலேயே அதை உணவுப் பாத்திரங்களுக்குப் பயன்படுத்துவதில்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் பிசுபிசுப்பைத் துடைத்தெடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுத்த கை பூசினால் 15 நிமிடத்தில் மிச்சம் முழுவதையும் துடைத்துவிட வேண்டும்.

இதைவிட முக்கியம், துடைத்த துணி. ஆளிவிதை, டங், வால்நட் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் காய்கின்றன. அப்போது சூடு பிறக்கிறது. துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், நெருப்புப்பொறி எதுவும் இல்லாமல், சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்த கையோடு துணியை வெளியே ஒற்றை மடிப்பாக விரித்து, விறைப்பாகும் வரை காயவையுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் நிரம்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் மூழ்கடியுங்கள். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிக்கும் இதே கவனம் தேவை.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் சுட்ட முகச் சித்திரம் வெளிறிக்கொண்டே வருகிறது. கரி மங்குமா?

கரி மங்காது. கன்னத்தின் நிழல்தான் மங்குகிறது, ஏனெனில் அது கரி ஆகவில்லை. லேசாக வறுபட்ட மரம். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பழுப்பை வெளுக்கிறது. கூடவே சுடாத வெற்று மரம் நாளடைவில் மஞ்சளித்துக் கறுக்கிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, நடுவில் வேறுபாடு கரைகிறது. எண்ணெய் மட்டும் பூசிய பலகைக்கு இதிலிருந்து காப்பு மிகக் குறைவு.

இனி சுடும்போது மென்நிழல்களை மனதுக்குப் பட்டதைவிட ஒரு படி கூடுதலாகக் கறுக்கச் சுடுங்கள். மேல்பூச்சுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் உள்ள வார்னிஷ் வாங்கி மூன்று கை அடியுங்கள். அது வெளுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பலகையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டினால் நேர்வெயில் படாது. வெளிறிய சித்திரத்தில் இருப்பது வெறும் எண்ணெயானாலும் வார்னிஷ்ஷானாலும் அதன் மேல் சுட வேண்டாம். பூச்சு முழுதும் காய்ந்திருந்தால், பழுப்பு வண்ணப் பென்சிலால் நிழலை மெல்ல ஏற்றி, மேலே ஸ்பிரேயாக ஒரு கை அடித்துப் பூட்டலாம்.