வாலாட்டிய நாய் ஏன் பாய்கிறது?

மன்னார்குடியில் பால் வாங்கப் போகும் வழியில், இரண்டு வருஷமாக வாலாட்டிய பெண் நாய் பத்து நாளாகப் பாய்ந்து வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது குட்டி போட்டிருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் ஓரமெல்லாம் ஈரம். தாய் நாய் மேடாக, காய்ந்த இடமாகத் தேடித்தான் குட்டி போடும். வைக்கோல் போர், பூட்டிக் கிடக்கும் வீட்டுத் திண்ணை என்று தள்ளி நின்றே பாருங்கள். (எங்கள் தெருவில் நெல் மூட்டைத் தார்ப்பாய்க்கு அடியில் ஆறு குட்டி!)

ஓடாதீர்கள், ஓடினால் துரத்தத்தான் செய்யும். முறைத்துப் பார்க்காமல் மெல்ல விலகுங்கள். இரண்டு மாதத்தில் குட்டிகள் பால் மறந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம் நகராட்சியில் கருத்தடைக்குச் சொல்லுங்கள். மத்திய அரசின் 2023 விலங்குக் கருத்தடை விதிகளின்படி வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில்தான் விடவேண்டும்.

குட்டியே இல்லை, எச்சில் ஒழுகுகிறது, தள்ளாடுகிறது, கண்டதையும் கடிக்கிறது என்றால் வெறிநோயாக இருக்கலாம். கிட்டே போகவே வேண்டாம். சின்னக் கீறல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.