45 லட்சத்தை ஒரே வங்கியில் வைக்கலாமா?

கேள்வி: நான் 60 வயதில் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஓய்வுக்காலப் பலன்களாக வந்த 45 லட்சம் ரூபாய் தனியார் வங்கி ஒன்றின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. வங்கி மூழ்கினால் 5 லட்சம்தான் கிடைக்கும் என்று மகன் பயமுறுத்துகிறான். உறவினர் ஒருவரோ, ஒரு நிதி நிறுவனத்தில் போட்டால் மாதம் இரண்டு வட்டி வரும் என்கிறார். எனக்கு முதல் பத்திரமாக இருந்தால் போதும். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முதலில் அந்த இரண்டு வட்டியை மறந்துவிடுங்கள். ஆண்டுக்கு 24 சதவீதம் தருவதாகச் சொல்லும் இடத்தில் உங்கள் முதலுக்கு யார் பொறுப்பு என்று உறவினரைக் கேளுங்கள். நிதி நிறுவனங்களில் போடும் பணத்துக்கு, வங்கி வைப்புகளுக்கு உள்ள காப்பீடு கிடையாது.

உங்கள் மகன் சொல்வது சரி. 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. இந்தத் தொகையில் வட்டியும் அடங்கும் என்பதும், ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே கணக்கிடப்படும் என்பதும் பலர் கவனிக்காதவை. கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பர் 17 அன்று கட்டுப்பாடு வந்தபோது, வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள். பத்தே நாளில் அது டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டதால் வைப்புத்தொகை முழுவதும் தப்பியது. ஆனால் பங்குகளிலும், அவ்வங்கி வெளியிட்ட சில வகைக் கடன் பத்திரங்களிலும் பணம் போட்டவர்கள் அதை இழந்தார்கள். ஆகவே வங்கிக்குள் உட்கார்ந்துகொண்டு விற்கப்படுகிறது என்பதற்காக ஒரு காப்பீட்டுப் பாலிசியையோ பத்திரத்தையோ வைப்புநிதி என்று எண்ணிக் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

உங்கள் வயதுக்குப் பொருத்தமானது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அஞ்சலகத்திலோ பொதுத்துறை வங்கியிலோ 30 லட்சம் ரூபாய் வரை இதில் போடலாம். இதற்கு மத்திய அரசே பொறுப்பு என்பதால் 5 லட்ச வரம்பு பற்றிய கவலை இல்லை. வட்டி 8.2 சதவீதம் என்று கொண்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அரசு பின்னர் வட்டியைக் குறைத்தாலும், நீங்கள் சேரும்போது இருந்த விகிதமே ஐந்து ஆண்டுகளும் தொடரும். ஓராண்டுக்குள் கணக்கை முடித்தால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுக்குள் என்றால் போட்ட தொகையில் 1.5 சதவீதமும், அதற்குப் பின் முடித்தால் 1 சதவீதமும் கழியும். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மீதி 15 லட்சத்தில் 12 லட்சத்தை மூன்று வங்கிகளில் 4 லட்சம் வீதம் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். 7 சதவீத வட்டியில் மூன்று ஆண்டு வைத்தாலும் ஒவ்வொன்றும் 5 லட்சத்தைத் தாண்டாது. எஞ்சிய 3 லட்சம், மருத்துவச் செலவு போன்ற அவசரங்களுக்காக இப்போதைய சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். ஆனால் அந்த மூன்று வங்கிகளில் இந்த வங்கி ஒன்றாக இருக்கக் கூடாது. எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்து, அது பதிவாகியிருப்பதைப் பாஸ்புக்கில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.