வாசகர் கேள்விகள்: உயரமும் இலையின் நஞ்சும்

கேள்வி: மலையில் மேலே போகப் போகப் பூச்சிகள் குறைகின்றன. அங்குள்ள செடிகள் இலையில் நஞ்சு சேர்ப்பதையும் குறைத்துக்கொள்ளுமா?

சில இனங்களில் குறையும், சிலவற்றில் கூடும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் இறங்கும். குளிரில் புழுக்கள் மெதுவாக வளரும், ஓராண்டில் வரும் தலைமுறைகளும் குறையும். கடி குறைந்தால் தற்காப்புக்கு எதற்குச் செலவிட வேண்டும் என்பது பழைய வாதம். ஆனால் உயரத்தில் வளரும் பருவமும் குறுகியது. பறிபோன இலைக்கு ஈடாக இன்னொன்றைத் துளிர்க்க நேரம் போதாது. அதனால் இருக்கும் இலையைக் காப்பதே லாபம் என்கிறது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எந்தச் செடி, எந்தச் சேர்மம் என்று கேட்காமல் பொதுவிதி தேடுவதுதான் தவறு.

கேள்வி: உயரத்தில் நஞ்சு குறைவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு, வெள்ளை குளோவர் என்ற தீவனச் செடி. இதன் இலையில் லினமாரின், லோட்டாஸ்ட்ராலின் என்ற சர்க்கரைச் சேர்மங்கள் செல்லின் நுண்குமிழிலும், அவற்றை உடைக்கும் நொதி செல்சுவரிலும் தனித்தனியே இருக்கும். இலை கடிபட்டதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். ஆல்ப்ஸ் மலையில் உயரம் கூடக் கூட இப்படிச் சயனைடு விடும் செடிகளின் விகிதம் குறைவதை 1954-ல் டாடே என்ற ஆய்வாளர் காட்டினார். உறைபனி செல்களைக் கிழிக்கும்போது செடியின் நஞ்சு செடிக்கே கேடாகிறது என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று. அது சரியானால், காரணம் கடிக்கும் உயிர்கள் குறைந்தது மட்டுமல்ல.

சோதிக்க, மூன்று இலைகளைச் சிறு குழாயில் நசுக்கி, இரண்டு சொட்டு டொலுவீன் விட்டு, சோடியம் பிக்ரேட் தாளை இலையில் படாமல் தொங்கவிட்டு மூடி வையுங்கள். மஞ்சள் தாள் செங்கல் நிறமானால் சயனைடு உண்டு. மாறாவிட்டால் சேர்மம் இல்லாமல் இருக்கலாம், நொதி மட்டும் இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தாளைச் செய்யப் பயன்படும் பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும். அதனால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: மேலிருந்து எடுத்த இலைகளில் பினாலிக் அளவு அதிகமாக வருகிறது. பூச்சிக்கு எதிரான தற்காப்பு கூடியது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். பினாலிக் என்பது செடிகள் உண்டாக்கும் ஒரு பெரிய சேர்மக் குடும்பம். அதில் ஒரு பிரிவான ஃபிளேவனாய்டுகள் புற ஊதாக் கதிரைத் தடுக்கவும் குளிரைத் தாங்கவும் உதவுபவை. உயரத்தில் அவை கூடுவதற்குப் பூச்சி காரணமாக இருக்க வேண்டியதில்லை. மேலும் பினாலிக் அளவைக் காணப் பயன்படும் ஃபோலின் வினைப்பொருள் வைட்டமின் சி-யுடனும் வினைபுரிந்து அளவைக் கூட்டிக் காட்டும்.

முதலில் இலை எடுக்கும் முறையைச் சரிபாருங்கள். மேலே துளிர் சில வாரங்கள் பிந்தி வருவதால் தேதியை ஒத்துப் பார்க்காமல் இலையின் வயதை ஒத்துப் பாருங்கள். இளம் இலையையும் முற்றிய இலையையும் ஒப்பிட்டால் கிடைப்பது வயது வேறுபாடுதான். கடிபட்ட செடி தற்காப்பைக் கூட்டிக்கொள்ளும் என்பதால் கடிபடாத செடியிலிருந்தே எடுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் உலர்த்துங்கள். சேர்மங்களைப் பிரித்தெடுக்க, 200 மில்லிகிராம் இலைப்பொடிக்கு 70 சதவீத அசிட்டோன் 10 மில்லிலிட்டர் போதும்.

அடுத்து, புழுவையே கேளுங்கள். மூன்றாம் பருவப் (இருமுறை தோலுரித்த) புழுக்களை நான்கு மணி நேரம் பட்டினி போட்டு, ஈர வடிதாள் விரித்த பெட்ரி தட்டில் தட்டுக்கு ஒன்றாக விட்டு, இலைவட்டு (இலையிலிருந்து வெட்டிய வட்டத் துண்டு) கொடுங்கள். தோலுரிக்கப் போகும் புழு எதையும் தின்னாது. தலைக்குப் பின்னால் உப்பி, அசையாமல் இருந்தால் அதை விலக்கிவிடுங்கள். இல்லையேல் நல்ல இலையும் நஞ்சுபோல் தோன்றும். உயர்நிலத்து இலைகள் பெரும்பாலும் தடித்தவை. தின்ற பரப்பை மட்டும் அளந்தால் குறைவாகத் தின்றதாகப் படும், ஆகவே உலர் எடையையும் கணக்கிடுங்கள்.

கேள்வி: இந்த வேறுபாடு பரம்பரையா, இடத்தால் வந்ததா என்று எப்படி அறிவது?

மேல், கீழ் இரு இடத்து விதைகளையும் ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில் வளர்த்துப் பாருங்கள். அங்கும் வேறுபாடு நீடித்தால் பரம்பரைப் பங்கு உண்டு. காட்டிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி வளர்ந்த சூழலின் தாக்கத்தையும் சுமந்து வரும். அதனால் முதல் தலைமுறையை வெறுமனே வளர்த்து, அதன் விதையில் முளைத்தவற்றை அளப்பதே நம்பத்தக்கது.