கூகுள் வரைபடம் கையில் இருந்தும் வன்னியில் ஏன் வழி கேட்டுப் போகவேண்டியிருக்கிறது?

அம்மா “இடது பக்கம் திரும்புங்கோ” என்று யாருக்கும் வழி சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீடு கிளிநொச்சி உருத்திரபுரத்தில். போன மாதம் பார்சல் கொண்டுவந்த பெடியன் வழி தெரியாமல் போன் எடுத்தான். “தம்பி, எட்டாம் வாய்க்காலுக்கு வந்திட்டீங்களோ? தண்ணி ஓடுற பக்கமா வாங்கோ. மூன்றாவது மதகு தாண்டினா எங்கட வேலி” என்றார் அம்மா. ஐந்து நிமிடத்தில் படலையடியில் நின்றான். அவனுடைய போனில் அந்த இடமெல்லாம் பெயரில்லாத சாம்பல் கோடுகள்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி எழுந்த ஊர் இது. வாய்க்கால் எண்தான் விலாசம். (கோடையில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் ‘தண்ணி ஓடுற பக்கம்’ மாறாது.) ஏ9 வீதியில் 155ஆம் கட்டை என்று ஓர் இடம் உண்டு, கண்டியிலிருந்து எண்ணிய மைல் கணக்கு. கிலோமீற்றர் வந்து எவ்வளவோ காலம், கட்டை போகவில்லை. வெளியூர்க்காரருக்குக் குளப்பெயர்களிலும் கவனம் வேண்டும். வவுனிக்குளம் போகவென்று வவுனியாவில் இறங்கி நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அது மல்லாவிப் பக்கம், முல்லைத்தீவு மாவட்டம்!

எலிகளும் திருப்பங்களைப் பாடமாக்கி ஓடுவதில்லை, இடத்தின் படமொன்றை மனதில் வைத்திருக்கின்றன என்று டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் எழுதினார். பழகிய வழியை அடைத்தாலும் இரை இருக்கும் திசையைப் பிடித்துவிடுமாம். சரி, எலிக்கு அது போதும். மனிதரின் படத்தில் தூரமே நீண்டு சுருங்கும்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதி ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். இப்போது பஸ்ஸில் ஒரு நித்திரை கொண்டு எழும்ப வந்துவிடும். 2009இல் போரில் இடம்பெயர்ந்து அதே வீதியில் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று தறப்பாள் கட்டிக் கட்டி நகர்ந்தபோது எங்களுக்கு மாதங்கள் பிடித்தன. அப்பா இன்றும் அந்த பஸ்ஸில் யன்னலோரம்தான் இருப்பார். உடையார்கட்டு தாண்டும்போது, “இந்தப் புளியடியிலதான் பதினொரு நாள்” என்பார்.

புளியமரத்தைத் தறித்து அந்த இடத்தில் போன் கடை வந்துவிட்டது. அப்பாவுக்கு அது புளியடிதான்.