செவலைக் கன்று ஏன் மயிலை ஆனது? விலங்குகள் பற்றி நீங்கள் கேட்டவை

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன், பொழுது போகவில்லை, விலங்குகள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டுவிட்டேன். ஒரே நாளில் குவிந்துவிட்டது. பலரும் "பழகிக்கிச்சு" என்கிற ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஜீவன் தன் ஆயுளுக்குள் கற்றுக்கொள்வது வேறு, தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறிப்போனது வேறு. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

கேள்வி (வெள்ளகோவில்): டாக்டருங்க, காங்கேயம் மாட்டுக் கன்றுன்னு செவலையா ஒரு கிடாரி வாங்கினோம். ஆறேழு மாசத்துல வெளுத்துப் போச்சு. ஏமாந்துட்டோமுங்களா?

ஏமாறவில்லை அம்மிணி, சரியான கன்றைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். காங்கேயம் கன்றுகள் பெரும்பாலும் செவலையாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் மயிலையாக, அதாவது சாம்பல் கலந்த வெள்ளையாக, நிறம் மாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் "கலப்புக் கன்று போல இருக்கிறதே" என்று சொல்லி, ஒரு பாட்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இனவிருத்திக்கு விடுகிற பூச்சிக்காளைக்கு வயது ஏற ஏறத் திமிலும் முன்னங்கால் பக்கமும் கருக்கும், அதையே காயடித்து எருதாக்கினால் கருப்பு வடிந்துவிடும், ஆண் ஹார்மோன் செய்கிற வேலை அது. இதெல்லாம் பிறவியிலேயே வருவது. வெளுத்த மயிர் வெயிலைத் திருப்பி அனுப்பும், அடியில் இருக்கிற கருந்தோல் மிச்சத்தைத் தாங்கும், வியர்வைச் சுரப்பிகளும் சீமை மாட்டைவிட நன்றாக வேலை செய்யும். அப்புறம் அந்தக் கொறங்காடு, அதாவது நம்ம பக்கத்து மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. சித்திரையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிரும், மாடு அதைத் தின்று சாணியோடு விதையைப் பரப்பும். மாட்டை மட்டும் காப்பாற்றுவோம், கொறங்காட்டை சைட் போட்டு விற்போம் என்றால் எப்படிங்க?

கேள்வி (துடியலூர்): சின்னத்தம்பி யானை டாப்சிலிப்பில் விட்டும் வீடு தேடித் திரும்பி வந்ததே, வழி எப்படித் தெரிந்தது?

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள், வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 2019 ஜனவரியில் கோவையை அடுத்த தடாகம் பக்கம் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, டாப்சிலிப் பக்கம் வரகளியாறில் விட்டார்கள். அது சில நாளிலேயே மலையிறங்கியது உண்மை, ஆனால் தடாகம் வடக்கே இருக்க, அது போய் நின்றது கிழக்கே உடுமலை தாண்டி கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைப் பக்கத்துக் கரும்புக்காட்டில். அங்கே நாள்கணக்காகத் தின்றுகொண்டு கிடந்தது, பிப்ரவரி 15-ஆம் தேதி மறுபடி பிடித்து, பழக்கிய கும்கி யானை ஆக்கினார்கள். என் கணக்கில் அது வீட்டைத் தேடவில்லை, பயிரைத் தேடியது. ஆப்பிரிக்க யானையை ஆராய்ந்தபோது ஏறக்குறைய 2,000 வாசனை ஜீன்கள் இருந்தன, நாய்க்கு அதில் பாதிகூட இல்லை. அந்த மூக்கு பிறவியில் வந்தது. கரும்பும் வாழையும் காட்டுத் தழையைவிட லாபம் என்பதை அது தடாகத்தில் கற்றுக்கொண்டது. கற்றதை லாரியில் ஏற்றி இறக்கி மறக்கடிக்க முடியுமா? இப்படி இடம் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி (வால்பாறை): புதுத்தோட்டத்து சோலைமந்தி வீட்டுக்குள்ள வந்து சோத்துச் சட்டியத் தூக்குது. மரத்த விட்டு எறங்காத சாதின்னு சொன்னாங்களே?

சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, வெடிப்பலா மாதிரி காட்டுப்பழம் தின்று மர உச்சியிலேயே வாழ்ந்த குரங்குதான். உங்கள் ஊரில் அதன் காடு தேயிலைக்கு நடுவே ஒரு துண்டாக நின்றுவிட்டது, கிளை விட்டுப் போன இடத்தில் தரையில் இறங்கியது, ரோட்டில் அடிபட்டும் செத்தது. அதற்காகத் தீயணைக்கும் கேன்வாஸ் குழாயை மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டினார்கள், பயம் தெளிந்ததும் அதில் ஏறி நடக்க ஆரம்பித்துவிட்டது. முழுக்கக் கற்றுக்கொண்டதுதான். சட்டிக்கு ஒரே வழி, ஜன்னலுக்குக் கம்பி வலை. பாவம் என்று பொரி போடுகிறவர்களை மட்டும் நிறுத்துங்கள்.

கேள்வி (பெருந்துறை): தலையில்லாத சேவல் ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்ததாமே, உண்மையா அண்ணா?

உண்மை. அமெரிக்காவில் கொலராடோ, ஃப்ரூட்டா என்ற ஊர், 1945 செப்டம்பர் 10. குழம்புக்கு வெட்டிய சேவல் எழுந்து நடந்தது. கோடாரி மேலாக விழுந்ததால் மூளைத்தண்டும் ஒரு காதும் கழுத்தோடு தங்கிவிட்டன, முக்கிய ரத்தக்குழாய் அறுபடவில்லை, ரத்தமும் உறைந்துவிட்டது. மூச்சு, இதயத்துடிப்பு, நடை எல்லாம் மூளைத்தண்டு பார்த்துக்கொண்டது. சொட்டுக்குழாயில் பாலும் தண்ணீரும் உணவுக்குழாய்க்குள் விட்டு, மைக் என்று பெயர் வைத்து, ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார்கள். 18 மாதம் கழித்து ஒரு விடுதியில் சளி அடைத்துச் செத்தது. இது பிறவியும் இல்லை, கற்றதும் இல்லை, வெட்டின லட்சணம்.

கேள்வி (திருப்பூர்): நஞ்சராயன் குளத்தில் தலையில் ரெண்டு கருப்புப் பட்டை போட்ட வாத்து பார்த்தேன். இமயமலையைத் தாண்டி வருவதாமே?

வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து குளிருக்கு வருவது. அதன் ரத்தத்து ஹீமோகுளோபின் காற்று மெலிந்த உயரத்திலும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். கருவி பொருத்திப் பார்த்ததில் 7,290 மீட்டர் வரை ஏறியிருக்கிறது. ஆனால் நினைத்த மாதிரி எப்போதும் உச்சத்தில் பறப்பதில்லை, மலைச்சரிவை ஒட்டி ஏறி இறங்கி, காற்று குளிர்ந்து கனமாக இருக்கிற ராத்திரியிலும் விடியலிலும்தான் அதிகம் பறக்கிறது. சிக்கனமான பறவை, நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி (கோபி): பாம்பு பால் குடிக்குமா?

குடிக்காது. தாகத்தில் தவிக்கவிட்டால் எதையும் வாயில் வைக்கும், அவ்வளவுதான். அடுத்தது.

கேள்வி (தாராபுரம்): குட்டை வறண்டு வெடித்துக் கிடந்தது. ஒரே மழை, மீன் துள்ளுது. வானத்திலிருந்தா விழுந்தது?

மேலே பார்க்காதே தம்பி, சேற்றைப் பார். விரால் வெளிக்காற்றையே சுவாசிக்கும், ஈரச் சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், மழைக்கு ஓடைத்தண்ணீரில் எதிரேறியும் வரும். பனையேறிக் கெண்டை செவுள் முள்ளை ஊன்றித் தரையிலேயே நகரும். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், அது குளத்தோரப் பனையில் ஏறியதைப் பார்த்ததாக எழுதி வைத்தார், பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்க நுரையீரல் மீன் இன்னும் மோசம், தன் கோழையாலேயே உறை கட்டிக்கொண்டு காய்ந்த மண்ணுக்குள் நாலு வருஷம் வரை கிடக்கும். உன் குட்டையில் துள்ளுவது எது என்று ஒன்றைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு, செவுள் பக்கம் தெளிவாகத் தெரியட்டும். அதற்கப்புறம் குழம்பு வைத்துக்கொள்.