ஓட்டச் சுகமான சின்ன எஸ்யூவி: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

மஸ்டா சிஎக்ஸ்-5, ஃபோக்ஸ்வாகன் டிகுவான், ஹூண்டாய் கோனா, ஆல்ஃபா ரோமியோ ஸ்டெல்வியோ, போர்ஷே மக்கான், பிஎம்டபிள்யூ எக்ஸ்1 என்று ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு, எதை எதோடு ஒப்பிடுவது என்று தடுமாறுபவர்கள் கேட்ட கேள்விகளும், எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் எழுதிய பதில்களும்.

கேள்வி: அண்ணா, ஒரு கம்பெனி குதிரைத்திறன்ல சொல்லுது, இன்னொண்ணு கிலோவாட்ல சொல்லுது. இதுல எது வேகமான வண்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். 1 கிலோவாட் என்பது மெட்ரிக் கணக்கில் 1.36 குதிரைத்திறன், அமெரிக்க, பிரிட்டிஷ் கணக்கில் 1.34. இதைப் பார்க்காமல் ஒப்பிட்டால் 300 குதிரைத்திறனில் நாலு குதிரை காணாமல் போகும். அது சின்ன வித்தியாசம்தான், விடுங்கள்.

பெரிய ஓட்டை எடையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் கணக்கில் வண்டியின் எடையோடு 75 கிலோ ஓட்டுநரும் சேர்த்தி. ஜெர்மனியின் டிஐஎன் தரநிலைக் கணக்கில் ஓட்டுநர் கிடையாது. ஒரே வண்டிக்கு இரண்டு பிரசுரங்களில் இரண்டு எடை இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். வேகக் கணக்கிலும் இதே கதை. 0-60 மைல் என்பது 0-97 கிலோமீட்டர்தான், 100 கிடையாது. அமெரிக்கப் பத்திரிகைகள் பல, வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்கும். அதிலேயே சுமார் 0.3 வினாடி லாபம்.

எல்லாம் சரிசெய்த பிறகு, குதிரைத்திறனை டன் கணக்கு எடையால் வகுங்கள். ஹூண்டாய் கோனா என் 280 குதிரைத்திறன், சுமார் 1,510 கிலோ: டன்னுக்கு 185. ஆல்ஃபா ரோமியோ ஸ்டெல்வியோவின் 2 லிட்டர் பெட்ரோலும் 280தான், ஆனால் 1,660 கிலோ: டன்னுக்கு 169. இதை வைத்துப் பார்த்தால் கோனா வெகுதூரம் முந்த வேண்டும். நிறுவனங்கள் சொல்லும் 0-100 நேரமோ 5.5-க்கு 5.7. கோனா என் தன் சக்தி முழுவதையும் முன் சக்கரம் இரண்டில் இறக்க வேண்டியிருக்கிறது. ஸ்டெல்வியோவுக்கு நாலும் கிடைக்கின்றன. புறப்பாட்டில் கோனா இழப்பது அங்கேதான்.

அதனால் 0-100-ஐ விட்டுவிட்டு 60-100, 80-120 நேரங்களைத் தேடுங்கள். ஒரு லாரியைத் தாண்ட உதவுவது அந்த எண்தான்.

கேள்வி: எல்லாரும் ஆல் வீல் டிரைவ்னு போடுறாங்க. எல்லாம் ஒண்ணுதானே சார்?

நாலு சக்கரத்துக்கும் சக்தி என்ற பெயர் மட்டும்தான் ஒன்று. பானட்டைத் திறந்து எஞ்சின் எப்படிப் படுத்திருக்கிறது என்று பாருங்கள். குறுக்காக இருந்தால் அது அடிப்படையில் முன் சக்கர வண்டி. தேவைப்படும்போது ஒரு கிளட்ச் பின் சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். டிகுவான், குப்ரா ஃபார்மென்டர், மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, சிஎக்ஸ்-5 எல்லாம் இந்த ரகம். நீளவாக்கில் இருந்தால் பெரும்பாலும் பின் சக்கரத்தை முதன்மையாகக் கொண்டது: பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஸ்டெல்வியோ. விதிவிலக்கும் உண்டு. ஆடி க்யூ5-இல் எஞ்சின் நீளவாக்கில்தான், ஆனால் 'குவாட்ரோ அல்ட்ரா' உள்ளவை சாதாரண ஓட்டத்தில் முன் சக்கரத்தில் மட்டுமே போகும். அதே அடித்தளத்திலிருந்து வந்த முதல் தலைமுறை மக்கானில் போர்ஷே இதைத் திருப்பிப் போட்டது: பின் சக்கரம் எப்போதும் இயங்கும், முன் சக்கரத்துக்குத்தான் கிளட்ச் வழியாகப் பங்கு.

பழைய எக்ஸ்1 தேடுபவர்கள் இங்கே நன்றாக ஏமாறுவார்கள். 2009-இல் வந்த முதல் எக்ஸ்1 பின் சக்கர அடித்தளம். 2015-இல் வந்த இரண்டாவது தலைமுறையிலிருந்து முன் சக்கர அடித்தளம். பெயர்ப்பலகை ஒன்றுதான், வண்டி வேறு.

ஓட்டும்போது வித்தியாசம் எங்கே தெரியும்? வளைவின் பாதி தாண்டி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் இடத்தில். முன் சக்கர அடித்தளம் என்றால் மூக்கு கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளும், ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பத் தோன்றும். பின் சக்கர அடித்தளம் என்றால் முதுகிலிருந்து யாரோ தள்ளுவது போல வண்டி உள்பக்கம் சுருளும். முன் சக்கர அடித்தளத்தை வைத்தே இதைச் சமாளித்தவர்களும் இருக்கிறார்கள். 320 குதிரைத்திறன் டிகுவான் ஆர்-இல் பின் அச்சில் இரண்டு பக்கமும் தனித்தனி கிளட்ச். பின்னால் வரும் டார்க் (சுழற்றும் விசை) முழுவதையும் வெளிப்பக்கச் சக்கரம் ஒன்றுக்கே அனுப்ப முடியும். கோனா என்-இல் மின்னணு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் இரண்டுக்கும் சக்தியைப் பகிரும் கியர்) இருக்கிறது. அதனால் 'ஆல் வீல் இருக்கா' என்று மட்டும் கேட்காதீர்கள். பின் அச்சில் டிஃபரன்ஷியல் எந்த வகை என்று கேளுங்கள். வெறும் பிரேக்கைப் பிடித்து டார்க் பகிர்வது மலிவான வழி. அழுத்தி ஓட்டினால் பிரேக் சூடாவதுதான் மிச்சம்.

கேள்வி: டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் நெரிசல்ல சூடாகும்னு பயமுறுத்துறாங்க. டார்க் கன்வெர்ட்டரே எடுக்கட்டுமா?

டூயல் கிளட்ச் என்பது இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் தானியங்கி, கன்வெர்ட்டர் என்பது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் தானியங்கி. தினமும் ஒரு மணி நேரம் ஊர்ந்து போகிற ஆள் என்றால், ஆம், கன்வெர்ட்டர் எடுங்கள். ஸ்டெல்வியோ, எக்ஸ்3 இரண்டிலும் இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் கன்வெர்ட்டர். வேகத்திலும் அதற்குக் குறை சொல்ல முடியாது. சிஎக்ஸ்-5-இல் 6 கியர்தான். கேட்கப் பழசாக இருந்தாலும் குறைந்த சுற்றிலேயே டார்க் தரும் இரண்டாம் தலைமுறையின் 2.5 டர்போவுக்கு அதுவே போதும்.

டூயல் கிளட்ச் என்றால் முதல் கேள்வி: ஈர கிளட்சா, உலர் கிளட்சா? எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்ச்தான் சூட்டை வெளியேற்றும். கோனா என்-இல் உள்ள 8 கியர் ஈர வகை. உலர் வகையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே பழக்கம்: மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைப்பது. அந்த நேரம் முழுக்க கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கித் தேய்கிறது. கொஞ்ச நாளில் முதல் கியரில் கிளம்பும்போது ஒரு நடுக்கம் வரும்.

ஈர வகைக்கு எண்ணெய் மாற்றும் செலவு உண்டு. ஃபோக்ஸ்வாகனின் பழைய 6 கியர் ஈர டிஎஸ்ஜிக்கு (அவர்களின் டூயல் கிளட்ச்) 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும். இதைத் தவறவிட்ட வண்டியை இரண்டாம் கையாக வாங்க வேண்டாம்.

கேள்வி: 19 இன்ச் சக்கரம் பார்க்க அள்ளுது. 17 எடுத்தா வருத்தப்படுவேனா?

சிஎக்ஸ்-5-ஐயே எடுத்துக்கொள்வோம். 17 இன்ச்சில் டயர் 225/65, 19 இன்ச்சில் 225/55. டயரின் அகலம் இரண்டிலும் 225 மில்லிமீட்டர்தான், தரையைப் பிடிக்கும் அகலம் ஒரு இழைகூடக் கூடவில்லை. மாறுவது பக்கச் சுவர்: 146 மில்லிமீட்டரிலிருந்து 124-க்கு இறங்குகிறது. வெளி விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, 724-க்கு 730. ஆக, பள்ளத்தை வாங்கிக்கொள்ள இருந்த 22 மில்லிமீட்டர் ரப்பரைக் கொடுத்து, அந்த இடத்தில் உலோகத்தை வாங்குகிறீர்கள். பதிலுக்கு ஸ்டீயரிங் திருப்பிய உடனே மூக்கு திரும்பும், அது உண்மை. ஆனால் நல்ல ரகக் கோடை டயரை 18 இன்ச்சில் போட்டால் அதைவிட அதிகம் கிடைக்கும். ஒரு வண்டியின் பிடிமானத்தை மாற்ற டயரின் ரப்பர் கலவையைவிடப் பெரிய ஆயுதம் எதுவும் கிடையாது.

ஆல் வீல் வண்டி என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு டயர் வெடித்து, அதை மட்டும் புதிதாகப் போட்டால் தேய்ந்த மூன்றுக்கும் புதியதுக்கும் பட்டன் ஆழத்தில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். விட்டத்தில் அது 6 மில்லிமீட்டர், சுற்றளவில் 19. சுமார் 2,275 மில்லிமீட்டர் சுற்றளவில் 0.8 சதவீதம். நேர்ச் சாலையிலும் இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற, நடுவிலுள்ள கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். அதனால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே ரக டயரைத் தேய்ந்ததன் அளவுக்குச் சீவித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா பின் சீட்ல உட்கார்ந்தா தலை சுத்துதுன்னு சொல்றாங்க. ஸ்போர்ட்டி வண்டி வேண்டாம்னு விட்டுடலாமா?

விட வேண்டாம். பின்னால் உட்காருபவர் பின் அச்சுக்கு மிக அருகில் இருக்கிறார், அடி நேராக அவருக்குத்தான். பின் சஸ்பென்ஷன் மல்டிலிங்க்கா (இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடுவது), டார்ஷன் பீமா (இரண்டையும் ஒரு குறுக்குச் சட்டம் இணைப்பது) என்று பாருங்கள். மஸ்டாவிலேயே சிஎக்ஸ்-5-இல் மல்டிலிங்க், சிஎக்ஸ்-30-இல் டார்ஷன் பீம். பீமில் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் கொஞ்சம் ஆடும். அடாப்டிவ் டேம்பர் (சாலைக்கு ஏற்பக் கடினத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்) கிடைத்தால், மற்ற அலங்காரங்களை விட்டுக்கொடுத்தாவது அதை வாங்குங்கள். டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள், பின் சீட்டிலேயே உட்காரட்டும்.

கேள்வி: டெஸ்ட் டிரைவ்ல எதைப் பார்க்கணும்? விற்பனையாளர் பத்து நிமிஷம்தான் தர்றார்.

பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. அரை மணி கேளுங்கள், போட்டியிலுள்ள மற்ற வண்டியை அதே நாளில் அதே பாதையில் ஓட்டுங்கள். இடையில் ஒரு வாரம் போனால் உடம்பு மறந்துவிடும்.

கிளம்பும் முன் டயர் காற்றை அளந்து, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடுதல் காற்றோடு நிற்கும் டெமோ வண்டியை ஓட்டிவிட்டு 'சஸ்பென்ஷன் கல்லு மாதிரி' என்று ஒதுக்கிவிடுவோம். எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வது நல்லது. முதல் ஐந்து நிமிடம் சாதாரண மோடில் ஊர்ந்து போங்கள். பிரேக்கை விட்டால் வண்டி மென்மையாக நகர்கிறதா, குதிக்கிறதா? பிறகு 50-இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, மனதில் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுங்கள். இழுவை வருவதற்குள் 'இரண்டு' சொல்லிவிட்டால் தாண்டும்போது அந்தத் தாமதம் எரிச்சலூட்டும். நீண்ட வளைவில் ஒரே வேகத்தில் போய், பாதியில் ஒரு சின்ன மேடு வரும்படி பாதையைத் தேர்ந்தெடுங்கள். நல்ல சஸ்பென்ஷன் ஒரே அசைவில் அடங்கும், மோசமானது பக்கவாட்டில் ஒரு எட்டு நகரும். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 80-லிருந்து நாலு தடவை அடுத்தடுத்து அழுத்திப் பிரேக் பிடியுங்கள். நாலாவது தடவை மிதி ஆழமாகப் போனால் அந்த எடைக்கு அந்த பிரேக் பற்றாது.

கடைசியாக ஸ்போர்ட் மோடை மோசமான சாலையில் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் ஸ்டீயரிங் கனமாவதும் சத்தம் கூடுவதும்தான் நடக்கும்.

கேள்வி: அந்த சத்தம் சைலன்சர்ல இருந்து வருதா, ஸ்பீக்கர்ல இருந்தா?

கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டாமல் கேளுங்கள். உள்ளே இருந்த கர்ஜனை வெளியே இல்லை என்றால் ஸ்பீக்கர். எரிச்சலாக இருந்தால் செட்டிங்கில் அணைக்க முடிகிறதா பாருங்கள்.

கேள்வி: டர்போ எஞ்சினுக்கு விலை உயர்ந்த பெட்ரோல் கட்டாயமா?

எரிபொருள் மூடியில் எழுதியிருப்பதுதான் சட்டம். குறைந்த ஆக்டேன் (முன்கூட்டியே பற்றாமல் தாங்கும் அளவு) பெட்ரோல் ஊற்றினால் நவீன எஞ்சின் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், கூடவே சக்தியும் குறையும். மஸ்டாவின் 2.5 டர்போவை அமெரிக்காவில் 87 ஆக்டேனில் 227 குதிரைத்திறன் என்றும் 93-இல் 250 என்றும் மஸ்டாவே விற்றது. நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 420 நியூட்டன் மீட்டர் டார்க் வந்துவிடுவதால் ஊருக்குள் ஓட்டுபவருக்கு அந்த 23 குதிரை தெரியாது.

பெட்ரோலைவிட எஞ்சின் எண்ணெயில் கவனம் வையுங்கள். நேரடி ஊசி டர்போ எஞ்சினில், உயர் கியரில் 1,500 சுற்றில் முழுக்க மிதித்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு, பிஸ்டனே உடையலாம். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக்குறி) தர எண்ணெயில் இதற்கான சோதனை இருக்கிறது. அந்தத் தரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: பிளக் இன் ஹைப்ரிட் ரேவ்4 ஆறே வினாடில 100 தொடுதாம். அது ஸ்போர்ட்டி இல்லையா?

நேர்கோட்டில் ஆம், ஐந்தாம் தலைமுறை ரேவ்4-இல் 306 குதிரைத்திறன். வளைவில் பேட்டரியின் எடையும் சாதாரண டயரும் பேசும். வேகமான குடும்ப வண்டி என்று வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

கேள்வி: மூணு வருஷம் ஓடின ஸ்போர்ட் மாடல் வாங்கலாம்னு பார்க்கிறேன். எதுல மாட்டுவேன்?

ஆல் வீல் கிளட்சுக்குத் தனி எண்ணெய் உண்டு என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. ஹால்டெக்ஸ் வகையில் (குறுக்கு எஞ்சின் வண்டிகளில் பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் கிளட்ச்) அதை மாற்றாமல் விட்டால் கிளட்ச் தேய்ந்த துகள் பம்ப்பின் வடிகட்டியை அடைத்து, பம்ப் செத்துவிடும். டாஷ்போர்டில் விளக்கு வராமலே வண்டி முன் சக்கர வண்டியாக ஓடிக்கொண்டிருக்கும். மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ஈர மண்ணில் முழுக்க மிதித்தால் முன் சக்கரம் மட்டும் சுழல்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் டிஸ்க் ஓரத்தை நகத்தால் தடவுங்கள், உயர்ந்த விளிம்பு இருந்தால் டிஸ்க் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரக் கோணம்) அல்லது புஷ் (சஸ்பென்ஷனின் ரப்பர் இணைப்பு) கெட்டிருக்கிறது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியதா என்று கேளுங்கள்: டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 155. மலை இறக்கத்தில் மிதி பஞ்சு போலாவது அதனால்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு வினாடிக்கு மேல் சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது வண்டி புக் பண்ணிட்டேன் சார். டெலிவரி அன்னைக்கு ஏதாவது பார்க்கணுமா?

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024-இன் 32-வது வாரம் தயாரானது. நாலிலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கப்பலில் வரும் வண்டிக்குக் காற்று அதிகமாக அடித்திருப்பார்கள், சில வண்டிகளில் ஸ்பிரிங் ஆடாமல் இருக்க இடையில் ரப்பர் கட்டையும் வைத்திருப்பார்கள். இரண்டையும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டு, லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.