காபி கேள்வி பதில்: கொட்டைய வீட்லயே அரைக்கறவங்களுக்கு

போன தடவை ஏற்காட்டு காபிக்கொட்டை பத்தி எழுதினேன்ல, அதுக்கு வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல அரைக்கறத பத்திதான் இருந்துச்சு. அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: ஏற்காடு போனப்ப எஸ்டேட்ல வறுத்த கொட்டை அரை கிலோ வாங்கிட்டு வந்தோம். மிக்ஸில அரைச்சா ஒரு நாள் டிகாஷன் இறங்கவே மாட்டேங்குது, இன்னொரு நாள் தண்ணியா ஓடுது. பர் கிரைண்டர் வாங்கித்தான் ஆகணுமா? (அஸ்தம்பட்டி வாசகி)

தினமும் பில்டர் காபி குடிக்கற வீடுன்னா வாங்குங்க, கண்டிப்பா சொல்றேன். மிக்ஸி பிளேடு கொட்டைய அரைக்கலைங்க, வெட்டுது, ஒரே துண்டு பத்து தடவை வெட்டுப்பட்டு மாவாயிடும், பக்கத்துல இருக்கற துண்டு ஒரே வெட்டோட தப்பிச்சு கல்லு மாதிரி நிக்கும். அந்த மாவு போய் பில்டர் ஓட்டைய அடைச்சுக்குது, அதான் இறங்கல, கல்லா நிக்கறதுல தண்ணி உள்ளேயே போகாம வழிஞ்சு ஓடுது, அதான் தண்ணியா இருக்கு. ரெண்டு கோளாறுமே ஒரே ஜார்ல இருக்கறதால ஒரு நாள் அப்படி ஒரு நாள் இப்படி. நம்ம வீடுகள்ல உளுந்து உடைக்கற திருகை இருந்துச்சே, அத நினைச்சுக்கங்க. ரெண்டு கல்லுக்கு நடுவுல எவ்ளோ இடைவெளியோ அந்த சைஸுக்கு உடைஞ்சாதான் பருப்பு வெளிய வரும். பர் கிரைண்டரும் அதே வேலைதான், கல்லுக்கு பதிலா பல்லு வெச்ச ரெண்டு ஸ்டீல் துண்டு, அதைத்தான் பர்னு சொல்றது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் வாசனை. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல இருந்து ஏற்காட்டு மலையில காபி விளையுது, நாம அடிவாரத்துலயே இருக்கோம், கொட்டையா கிடைக்குது. கொட்டையா இருந்தா காத்து புகாத டப்பால ரெண்டு மூணு வாரம் நல்லா இருக்கும், தூளாக்கிட்டா ஒவ்வொரு நாளும் வாசனை இறங்கிட்டே போகும். வாரத்துல ரெண்டு தடவைதான் காபி போடுவீங்கன்னா மிஷினுக்கு செலவு பண்ண வேணாம், கடையில 100 கிராம் 100 கிராமா அரைச்சு வாங்கிக்கங்க. அதுவரைக்கும் மிக்ஸியிலதான்னா விட்டு விட்டு ஓட்டுங்க, ஜார் சூடாக விடாதீங்க, மாவு சல்லடையில ஒரு தடவை சலிச்சு மேல நிக்கறத மட்டும் திரும்ப போடுங்க, எவ்வளவோ பரவாயில்லாம வரும்.

கேள்வி: கையால சுத்தறதா, கரண்ட்ல ஓடறதா? வீட்ல ரெண்டே பேர். (சூரமங்கலம்)

ரெண்டு பேருக்கு கை மிஷினே போதும். காலையில 20 கிராம் கொட்டை, நல்ல மிஷின்னா ஒரு ரெண்டு நிமிஷ வேலை, சத்தமும் கம்மி, கரண்ட் போனாலும் காபி நிக்காது. அஞ்சாறு பேர் இருக்கற வீடு, விருந்தாளி வர்ற வீடுன்னா எலக்ட்ரிக்தான், கை வலிச்சு மிஷின் பரண்ல போய்டும். கை மிஷின் வாங்கறப்ப விலை குறைவா வர்ற செராமிக் பல்லு மாடல்ல ஒண்ணு கவனிங்க, நடு தண்ட விரலால ஆட்டிப் பாருங்க, ஆடுச்சுன்னா அரவை மிக்ஸி மாதிரியே ஏத்த இறக்கமாத்தான் வரும். ஏற்காட்டு அராபிகா வகை காபி 900லருந்து 1500 மீட்டர் உயரத்துல மெதுவா விளையறது, கொட்டை நல்ல கெட்டி. லேசா வறுத்தது வாங்கினா கையால சுத்தறது நெஜமாவே கஷ்டம், பில்டர் காபிக்கு நடுத்தரமா இல்ல அதுக்கு கொஞ்சம் மேல வறுத்ததே கேளுங்க, சுலபமா உடையும்.

கேள்வி: வீடியோல 18வது கிளிக்ல வைக்க சொன்னாங்க, வெச்சேன், டிகாஷன் ரெண்டு நிமிஷத்துல இறங்கிடுச்சு, காபி புளிக்குது. என்ன தப்பு? (கொண்டலாம்பட்டி)

உங்க மேல தப்பே இல்ல, அந்த 18 அவங்க மிஷினோட 18. கிளிக்னா அரவைய நைஸா பெருசா மாத்தற திருகு ஒரு படி நகர்றது, ஒவ்வொரு மிஷின்லயும் அந்த அளவு வேற, ஒரே மாடல்லயே ரெண்டு பீஸுக்கு ஒத்து வராது. மொதல்ல கொட்டை போடாம அந்த திருக மெதுவா இறுக்கிட்டே போங்க, பல்லும் பல்லும் உரசி கைப்பிடி சுத்தாம நிக்கற இடம் வரும், அதுதான் உங்க மிஷினோட பூஜ்யம். அங்க இருந்து எண்ணுங்க.

ஆனா நம்பர விட நம்பிக்கையான ஆளு உங்க பில்டர்தான், நான் இத எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன். தூள விரல்ல தேச்சா பொடி உப்பு மாதிரி நறநறன்னு இருக்கணும், ரவை மாதிரி உருளக்கூடாது, மைதா மாதிரி ஒட்டவும் கூடாது. 25 கிராம் தூள் போட்டு, மேல தட்ட அழுத்தாம சும்மா வெச்சு, கொதிச்ச தண்ணி ஒரு 120 மில்லி ஊத்திட்டு கடிகாரத்த பாருங்க. எங்க வீட்டு பில்டர்ல 15லருந்து 20 நிமிஷத்துல இறங்கறப்பதான் டிகாஷன் கெட்டியாவும் வாசனையாவும் இருக்கு. ரெண்டு மூணு நிமிஷத்துல காலியானா அரவை பெருசு, சாறு முழுசா இறங்கல, அதான் அந்த புளிப்பு. அரை மணி நேரம் ஆகியும் மேல தண்ணி நின்னா ரொம்ப நைஸ், கசக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு கிளிக் மட்டும் மாத்துங்க, அன்னிக்கு கொட்டை அளவு, தண்ணி அளவு எதையும் தொடாதீங்க, எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எதனால நல்லா வந்துச்சுன்னே தெரியாது. பாட்டி காலத்து பித்தளை பில்டர்ல ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்கும், அதுக்கு ஒரு அரவை, புது ஸ்டீல் பில்டருக்கு ஒரு அரவை, ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி அலமாரி கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். எலக்ட்ரிக் மிஷின் வெச்சிருக்கவங்க நைஸா மாத்தறப்ப மிஷின் ஓடிட்டு இருக்கும்போதே மாத்துங்க, நிறுத்தி வெச்சு இறுக்கினா நடுவுல மாட்டின கொட்டை சிக்கிக்கும்.

சிக்கரி பத்தியும் இதே கடிதத்துல கேட்டிருந்தீங்க. அத மிஷின்ல போடவே போடாதீங்க, ஈரம் இழுத்து பல்லுல பசையா ஒட்டும். தூளாவே தனியா வாங்கி, அரைச்ச காபில கலந்துக்கங்க, 20 கிராம் காபிக்கு 5 கிராம் சிக்கரின்னா அதுதான் 80:20. சிக்கரி சேர்ந்தா டிகாஷன் இன்னும் மெதுவா இறங்கும், அதுக்கு தகுந்த மாதிரி அரவைய ஒரு கிளிக் பெருசாக்குங்க.

கேள்வி: அரைச்ச தூள் டப்பா ஓரமெல்லாம் ஒட்டிக்குது, மேடையெல்லாம் பறக்குது. (குகை)

கொட்டை அரைபடறப்ப உரசல்ல வர்ற மின்சாரம் அது, வெயில் காலத்துல காத்து காய்ஞ்சு கிடக்கறப்ப ஜாஸ்தி. ஸ்பூன் காம்ப தண்ணில நனைச்சு கொட்டைய ஒரு கிண்டு கிண்டிட்டு அரைங்க, அந்த ஒரு சொட்டு போதும். 2023ல ஓரிகன் பல்கலைக்கழகத்து ஆளுங்க இத ஆராய்ச்சி பண்ணியே காட்டிட்டாங்க.

கேள்வி: ஏற்காட்டு மிளகும் வாங்கினேன், இதுலயே அரைக்கலாமா? எப்படி கழுவறது? (அம்மாபேட்டை)

மிளகு வேண்டவே வேண்டாங்க, அந்த காரம் பல்லுல ஏறினா மாசக்கணக்குல காபி ரசம் மாதிரி மணக்கும். தண்ணி ஊத்தி கழுவவும் கூடாது, ஸ்டீல் பல்லு துரு பிடிக்கும். வாரம் ஒரு தடவை காய்ஞ்ச பிரஷ்ல தட்டி விடுங்க, மாசம் ஒரு தடவை கழட்டி உள்ள ஒட்டின எண்ணெய் பிசுக்க துணியால துடைங்க, அந்த பிசுக்குதான் நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கறது. பச்சரிசி போட்டு அரைச்சா சுத்தமாகும்னு சொல்றாங்க, செய்யாதீங்க, அரிசி காபிக்கொட்டைய விட கெட்டி.

அதவிட முக்கியம், கொட்டைய தட்டுல கொட்டி ஒரு பார்வை பார்த்துட்டு போடுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு இடத்துல வாங்கின கொட்டையில பொடிக்கல்லு ஒண்ணு இருந்துச்சு, அரிசில கல்லு பொறுக்கற பழக்கம் கொட்டைக்கு எனக்கு வரல அப்ப, கடக்குனு ஒரு சத்தம், ஒரு பல்லு முனை போச்சு. புது பர் வர்ற வரைக்கும் இருபது நாள் கடைத்தூள்தான், எனக்கு அந்த இருபது நாள் காலையே காலையா இல்ல.

கேள்வி: பாட்டி வீட்டு பரண்ல கைப்பிடி வெச்ச இரும்பு காபி மிஷின் கிடைச்சுது, துரு பிடிச்சிருக்கு. உபயோகப்படுமா? (செவ்வாய்பேட்டை வாசகர்)

இந்த கடிதத்த படிச்சப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுங்களா. அதுவும் பர் கிரைண்டர்தாங்க! மிக்ஸி வர்றதுக்கு முன்னாடி கொட்டை வாங்கி வீட்லயே வறுத்து, திண்ணையில உக்காந்து அந்த மிஷின சுத்தி அரைச்ச குடும்பங்கள் எத்தனையோ. கழட்டி எந்த துண்டு எந்த பக்கம் இருந்துச்சுன்னு போன்ல போட்டோ எடுத்துக்கங்க. துருவ கம்பி பிரஷ்ல காய்ஞ்ச மாதிரியே தேய்ங்க, கொட்டை போடற கிண்ணத்துல உள்பக்கம் பெயிண்ட் உரிஞ்சிருந்தா மட்டும் அதுல அரைக்காதீங்க, பெயிண்ட்ட காய்ஞ்சபடி சுரண்டவும் வேணாம், பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு. அப்புறம் பழைய கொட்டை ரெண்டு கைப்பிடி அரைச்சு கொட்டிடுங்க, தூள்ல துரு நிறம் போற வரைக்கும். பக்கத்துல ஒரு திருகு இருக்கும், அதான் நைஸ் பெருசு மாத்தறது. பல்லு ரொம்ப தேய்ஞ்சிருந்தா பில்டருக்கு வேணுங்கற நைஸ் வராது, அப்ப ஒரே கொட்டைய ரெண்டு தடவை விட்டு பாருங்க, மொதல்ல பெருசா, அப்புறம் இறுக்கி. அரைச்சு காபி போட்டுட்டு டிகாஷன் எத்தனை நிமிஷத்துல இறங்குச்சுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த கிளிக் எந்த பக்கம்னு சேர்ந்து பார்ப்போம்.